எல்லைக்கல்லிலிருந்து பன்னிரண்டு மீட்டர்

நான் தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமத்துக்கு நிர்வாக அலுவலர். ஆற்றில் அடையாளம் தெரியாத பிணம் ஒதுங்கினால், எந்தக் கிராமத்து எல்லையில் ஒதுங்கியதோ அந்தக் கிராமத்து அலுவலர்தான் போலீசில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் லேசில் விடாது. ஸ்டேஷனுக்கு அலைய வேண்டும், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டும், எல்லாம் மறந்த பிறகு ஒருநாள் கோர்ட்டிலிருந்து சம்மன் வரும். அதனால் எங்கள் உத்தியோகத்தில் ஒரு பழக்கம் உண்டு. பிணம் என்று காதில் விழுந்ததும் நில எல்லை காட்டும் புலப்படத்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். செத்தது யார் என்று பார்ப்பதற்கு முன்னால், யார் எல்லையில் கிடக்கிறார் என்று பார்ப்போம். நான் இதில் ரொம்பக் கெட்டிக்காரி. பதினொரு வருஷ உத்தியோகத்தில் ஒரு பிணத்தைக்கூட என் தலையில் ஏற விட்டதில்லை.

அந்த ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமையும் அப்படித்தான் ஓடினேன். காலை பத்து மணி இருக்கும். படித்துறையில் ஒரு ஆள் இல்லை. துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாதியில் எழுந்து போயிருந்தார்கள். கல்லின்மேல் சோப்பு நுரை காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. மேல்காற்று அடித்துக்கொண்டே இருந்தது. எப்போதும் அங்கே படுத்துக்கிடக்கும் இரண்டு நாய்கள் மேட்டில் ஏறி நின்று, குரைக்காமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தன.

கொஞ்சம் மேலே, ஆகாயத்தாமரை என்கிற அமலைச்செடி அடர்ந்து மிதக்கிற இடத்தில், வெள்ளைச் சட்டை போட்ட ஒரு முதுகு தெரிந்தது. முகம் தண்ணீருக்குள் இருந்தது.

எனக்கு முன்னாலேயே பக்கத்துக் கிராமத்து அலுவலர் வந்து நின்றார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் பாக்கி இருக்கிற மனுஷர். அவர் கையிலும் ஒரு புலப்படம். ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இரண்டு ஊருக்கும் நடுவில் கரையோரமாக ஒரு எல்லைக்கல் இருக்கிறது. அதிலிருந்து டேப்பைப் பிடித்து அளந்தோம். என் உதவியாளர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். பிணம் அவர் எல்லைக்குள் பன்னிரண்டு மீட்டர் தள்ளிக் கிடந்தது. நான் உடனே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

"சரியாப் பிடிக்கலம்மா. இன்னொருக்க அளப்போம்" என்றார் அவர்.

அளந்தோம். பத்தரை வந்தது. என் உதவியாளரைத் திட்டினேன். மூன்றாம் முறை நானே முனையைப் பிடித்தேன். ஒன்பது.

டேப்பில்தான் கோளாறு என்று நினைத்தோம். பிறகுதான் கவனித்தேன், அமலைச்செடித் திட்டே நகர்ந்துகொண்டிருந்தது. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், பையப் பைய, வெள்ளைச் சட்டையையும் இழுத்துக்கொண்டு எங்கள் ஊர்ப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"பாத்தியளா, ஒங்க ஊரத் தேடில்லா வாரான்" என்றார் அவர். வேடிக்கைக்குச் சொன்னதுதான். ஆனால் சொன்னவரே சிரிக்கவில்லை.

 என் வாய் சும்மா இருக்குமா? "மொத அளவுதான் அளவு அண்ணாச்சி. நான் நோட்டில எழுதியாச்சு" என்றேன். தகவல் தெரிந்து வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டர் சின்ன வயதுக்காரர், வெயிலில் நிற்க முடியாமல் தவித்தார். பன்னிரண்டு மீட்டருக்கே தலையை ஆட்டிவிட்டார். நான் ஜெயித்துவிட்டேன்.

நீச்சல் தெரிந்த இரண்டு பேர் இறங்கி இழுத்துக் கரையில் போட்டுப் புரட்டினார்கள். மூன்று நாள் தண்ணீரில் கிடந்த முகம். அதைப் பற்றி எழுத மாட்டேன். அறுபது, அறுபத்தைந்து வயது சொல்லலாம், அவ்வளவுதான். சட்டைப் பொத்தான் கழுத்துவரை போட்டிருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. சட்டைப் பையில் ஒரு பாலிதீன் உறை, அதற்குள் நாலாக மடித்த ஒரு துண்டுக் காகிதம்.

சப்-இன்ஸ்பெக்டர் அதை எல்லைக்கல்லின்மேல் விரித்தார். பேனாவில் போட்ட ஒரு வழிப்படம். ஆற்றுக்கு இரண்டு வளைகோடுகள். ஒரு குச்சியும் மூன்று வட்டமுமாக ஒரு அரசமரம். ஒரு சதுரம், அது எல்லைக்கல். அதைத் தாண்டி ஒரு அம்புக்குறி, முனையில் ஒரு பெட்டி, ஆபீஸ் என்று எழுத்து. கீழே ஒரு புல எண், அதாவது நிலத்தின் சர்வே நம்பர். தண்ணீர் பட்டுப் பாதி எண் கரைந்திருந்தது.

மரத்தைக் குச்சியும் மூன்று வட்டமுமாகப் போடுவது நான்தான்.

"யாரு எழுத்துன்னு தெரியுதா?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார். பக்கத்து ஊர்க்காரர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். காகிதம் என் கைக்கு வந்தது. ஈரமாகச் சில்லென்று இருந்தது.

"தெரியலையே சார்."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் அதுவாகவே சொன்னது. சொன்ன பிறகு, காகிதத்தில் அம்புக்குறி சதுரத்தைத் தொடும் இடத்தையும், கரையில் அவர் கிடக்கும் இடத்தையும் மாறிமாறிப் பார்த்தேன். நான் கோடு போட்ட பாதையில் வந்து, நான் சதுரம் போட்ட இடத்திலேயே அவர் நின்றுவிட்டார்.

அவர் என்னிடம் வந்தது செவ்வாய்க்கிழமை மத்தியானம். அன்றைக்கு உதவியாளர் லீவு. கம்ப்யூட்டர் நத்தை வேகத்தில் ஓடியது. தாலுகா ஆபீசிலிருந்து போன்மேல் போன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம். அந்த நேரத்தில் மேசைமேல் ஒரு நிழல் விழுந்தது.

"அம்மா, ஒரு பட்டா விசயமா வந்தேன்."

புல எண்ணைக் கேட்டுத் தட்டினேன். பக்கத்துக் கிராமத்து எண். "இது எங்க எல்ல இல்ல. அடுத்த ஊருக்குப் போங்க" என்றேன். பஸ் போய்விட்டதாம். எப்படிப் போவது என்று கேட்டார். ஒரு காகிதத்தைக் கிழித்துப் படம் போட்டுக் கொடுத்தேன். ஆற்றோரமாகப் போனால் இரண்டு கிலோமீட்டர்தான், நேர்வழி.

"வழி காட்ட யாரும் கூட வருவாகளாம்மா?"

"ஆளு லீவு."

"கொஞ்சம் தண்ணி கெடைக்குமா?"

"கேன் காலி. வழியிலதான ஆறு இருக்கு" என்றேன்.

இப்படித்தான் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் காகிதத்தை மெதுவாக நாலாக மடித்து, உறைக்குள் வைத்து, சட்டைப் பையில் போட்டார். அந்த விரல்களைப் பார்த்தேன், நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தன. "ரொம்ப நல்லதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார். நிழல் மேசையைவிட்டு நகர்ந்தது. நான் தலையை நிமிர்த்தவே இல்லை.

பிணத்தை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். பக்கத்து ஊர்க்காரர் புகார் எழுதிக் கொடுத்தார். யாரும் தேடி வராவிட்டால் சில நாளில் போலீசே புதைத்துவிடும். அந்த மனுஷர் யார் என்று கண்டுபிடிக்க ஒரே ஒரு நூல்தான் உலகத்தில் இருந்தது, அந்தப் புல எண். அது என் கம்ப்யூட்டரில் இருந்தது. சொன்னால் அவருக்குப் பெயர் கிடைக்கும். எனக்கு விசாரணை கிடைக்கும். நான் பேசாமல் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன்.

சனிக்கிழமை பாக்கி வேலையை முடிக்கத் தனியாக ஆபீசுக்குப் போனேன். முதல் வேலையாக இரண்டு கேன் தண்ணீர் வரவழைத்தேன். ஒன்று போதும், இரண்டு வாங்கினேன். மத்தியானம் பன்னிரண்டரை வாக்கில் மேசைமேல் நிழல் விழுந்தது. அதே இடத்தில், அதே அகலத்தில். நிமிர்ந்து பார்த்தேன். வாசலில் யாரும் இல்லை. வெளியே வேப்பமரம் இருக்கிறது, அதன் கிளையாக இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த நேரத்தில் வெயில் வேப்பமரத்துப் பக்கம் இருப்பதில்லை, பதினொரு வருஷமாக உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தெரியாதா? குனிந்து தட்டினேன். மறுபடி நிழல். இந்தத் தடவை நிமிரப் பயமாக இருந்தது. செவ்வாய்க்கிழமை நிமிராதவள், இப்போது நிமிர்ந்தால் என்ன இருக்குமோ என்று பயந்தேன். மூலையில் தண்ணீர்க் கேனில் 'குளுக்' என்று ஒரு பெரிய குமிழி எழுந்தது. யாராவது குழாயைத் திறந்தால்தான் அப்படி எழும். கதவைக்கூடப் பூட்டாமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

ஞாயிறு மத்தியானம் என் தங்கச்சி கூப்பிட்டாள்.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் கடற்கரைக் கத்தோலிக்கக் குடும்பம். அப்பாவுக்கு வள்ளத்து வேலை. தங்கச்சி நர்சிங் படித்துவிட்டு இஸ்ரேலுக்குப் போனாள். ஏழு வருஷமாக ஒரு யூதக் கிழவரைப் பார்த்துக்கொள்கிறாள். தொண்ணூறு வயது, ஒரு காலத்தில் பஸ் ஓட்டினவர். வெள்ளி சாயங்காலத்திலிருந்து சனி சாயங்காலம்வரை அவர் வீட்டில் அடுப்பு மூட்டக் கூடாது, போன் தொடக் கூடாது. அந்த நேரத்தில் அவர் யூதர்களின் வேதமான தோராவில் அந்த வாரத்துக்கு உரிய பகுதியை உரக்கப் படிப்பார். படித்து முடித்து, கஞ்சி கொடுக்க வருகிறவளை உட்காரவைத்து, இதன்படி இன்றைக்கு எப்படி நடப்பாய் என்று கேள்வி கேட்பார். ஞாயிற்றுக்கிழமை அவள் அதை எனக்கு ஒப்பிப்பாள். போன வருஷம், புது வீடு கட்டினால் மாடிக்குச் சுற்றிச் சுவர் வைக்க வேண்டும், யாராவது விழுந்தால் அந்த ரத்தம் உன்மேல் என்று ஒரு சட்டம் சொன்னாள். அதிலிருந்து ஊரில் மொட்டை மாடிக்குக் கைப்பிடிச்சுவர் இல்லாத வீட்டுக்காரர்களை எல்லாம் நான் வறுத்தெடுத்துக்கொண்டிருக்கிறேன். பிறரை வறுக்க எனக்கு எந்தச் சட்டமும் பிடிக்கும்.

"என்னக்கா, கொரலே சரியில்ல?"

"ஒண்ணுமில்ல. ஒங்க தாத்தா என்ன படிச்சாரு, சொல்லித் தொல."

"இந்த வாரம் ஒன் உத்தியோகம் வருதுக்கா" என்று சிரித்தாள். "வயக்காட்டுல ஒரு பிணம் கெடக்கு. யாரு கொன்னதுன்னு தெரியல. பெரியவங்க வந்து, பிணத்துலேருந்து சுத்தி இருக்க ஊருக்கெல்லாம் தூரம் அளக்கணுமாம்."

என் கை போனோடு ஒட்டிக்கொண்டது.

"எந்த ஊரு ரொம்பக் கிட்ட இருக்கோ, அந்த ஊருப் பெரியவங்க ஒரு கன்னுக்குட்டியக் கொண்டுபோயி, உழாத, வெதைக்காத ஓடப் பள்ளத்துல, தண்ணி ஓடுத எடத்துல, கழுத்த முறிக்கணும். அதுக்குமேல கையக் கழுவிட்டு, எங்க கை இந்த ரத்தத்தச் சிந்தல, எங்க கண்ணு பாக்கலன்னு சொல்லணும்."

"கிட்ட இருக்க ஊருக்காரன் தலையிலயா கட்டுவாங்க?"

"தாத்தாவும் அதத்தான் சொல்லுதாரு. அளக்கது தப்பிக்கதுக்கு இல்லையாம், ஏத்துக்கதுக்காம்." அவளே தொடர்ந்தாள். "அப்புறம் ஒண்ணு கேட்டாரு. பெரியவங்களக் கொலகாரன்னு யாராவது சொன்னாங்களா? பெறகு எதுக்கு அவங்க கை கழுவணும்? எனக்குத் தெரியலன்னேன். தாங்க கொல்லலன்னு சொல்லுதது இல்லையாம் அது. அந்த மனுசன் எங்ககிட்ட வந்து, நாங்க தீனி தண்ணி குடுக்காம அனுப்பல, தொணைக்கு ஆளில்லாம தனியா விடலன்னு அர்த்தமாம். வந்தவங்கூட நாலு முழம் நடந்துபோயி வழியனுப்பினாலே போதுமாம், அவனுக்கு வழியில ஒண்ணும் ஆவாதாம்."

வீட்டில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.  என் மேசையிலிருந்து வாசலுக்கு எத்தனை முழம் இருக்கும் என்று மனசு தானாக அளந்தது. அளப்பதுதானே என் பிழைப்பு.

"தாத்தாகிட்ட ஒண்ணு கேளு" என்றேன். "வந்தவன அப்படித் தனியா, தண்ணி குடுக்காம அனுப்பியிருந்தா, அந்தப் பெரியவங்க என்ன செய்யணும்?"

அவள் அவர்கள் பாஷையில் கேட்டாள்.   பிறகு கிழவரின் கரகரத்த குரல், சின்னதாக ஒரு வாக்கியம்.

"அப்போ அவங்க அந்த வார்த்தையச் சொல்ல முடியாதுங்காரு. அவ்வளவுதான் சொன்னாரு." அவள் குரல் மாறியது. "ஏங்க்கா கேக்க?"

நான் போனை வைத்துவிட்டேன். 'எங்க கண்ணு பாக்கல.' இதை என்னால் சத்தியம் பண்ணிச் சொல்ல முடியும் என்பதுதான் எனக்கு நடுக்கத்தைக் கொடுத்தது. உண்மையிலேயே என் கண்கள் பார்க்கவில்லை. இரண்டு அடி தூரத்தில் நின்ற மனுஷரை நான் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை கம்ப்யூட்டரைத் திறந்தேன். செவ்வாய்க்கிழமை தேடிய எண் அதில் அப்படியே கிடந்தது. தட்டினேன். ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலம், ஒரு பெண்ணின் பெயர். அந்த மனுஷருடைய அம்மாவாக இருக்கலாம் என்று நினைத்தேன். எண்ணை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டு, பக்கத்து ஊர் ஆபீசுக்குக் கிளம்பினேன். ஸ்கூட்டர் வாசலில் நின்றது. அதை எடுக்கவில்லை. நான் படம் போட்ட வழியிலேயே, அதே மத்தியான வேளையில் நடந்தேன்.

என் படத்தில் அந்தப் பாதை ஒரு விரல் நீளம். நடந்தால் அரசமரத்துக்குப் பிறகு ஒரு பொட்டு நிழல் கிடையாது. காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. தண்ணீர் கொண்டுபோகவில்லை, வேண்டுமென்றே. வழியெல்லாம் நாணல், கரை செங்குத்து. எல்லைக்கல் பக்கத்தில் மட்டும்தான் கீழே இறங்க ஒரு பாறை இருக்கிறது. தாகம் எடுத்தவன் அங்கேதான் இறங்குவான், நானே இறங்கப் போனேன். பாறையில் பச்சைப் பாசி. அதில் ஒரு குதிகால் அகலத்துக்கு, மேலிருந்து தண்ணீர்வரை நீளமாக ஒரு வழித்த தடம் இருந்தது.

பின்னால் யாரோ நிற்பதுபோல் இருந்தது. இந்தத் தடவை திரும்பிப் பார்த்தேன். பாதையில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றேன்.

பக்கத்து ஊர்க்காரர் எனக்குத் தண்ணீர் கொடுத்து, முழுசையும் கேட்டார். கதவைச் சாத்திவிட்டு வந்து, "ஒனக்கு ஏம்மா வேண்டாத வேல? பிணம் எங்க எல்லையில. புகார் நான் குடுத்தாச்சு. நீ பேசாம இரி" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"அவரு எங்கிட்டதான் வந்தாரு அண்ணாச்சி" என்றேன்.

அவர் தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்டேஷன்வரை என்கூட வந்தார்.

சப்-இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டே, "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம்" என்றார்.  நிலத்துக்காரப் பெண்ணின் பெயரை வைத்து அன்று சாயங்காலமே வீட்டைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நாங்குநேரிப் பக்கம். அவருக்கு ஒரே மகள். அப்பாவைக் காணவில்லை என்று அவளும் இன்னொரு ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்துக்கிடந்திருக்கிறாள். எனக்கு மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு ஓலை வந்தது. அது வரத்தான் வேண்டும்.

புதன்கிழமை ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் அவளைப் பார்த்தேன். முப்பது வயது இருக்கும், பள்ளிக்கூட டீச்சர். என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று தயாராகத்தான் போயிருந்தேன். அவள் திட்டவில்லை.

"அப்பாகிட்டக் கடைசியாப் பேசுனது நீங்கதான்னு சொன்னாவ" என்றாள்.

"ஆமாம்மா."

"உள்ள போயிப் பாத்தேன். அது எங்கப்பா மொகமே இல்ல. கண்ண மூடுனா அதுதான் வருது." அவள் என் கையைப் பிடித்தாள். அவள் விரல்களைப் பார்த்தேன், நகங்கள் சுத்தமாக வெட்டியிருந்தன. "நீங்க பாத்த மொகத்தச் சொல்லுங்கக்கா. அப்பா எப்படி இருந்தாவ? அலுப்பா இருந்தாவளா? சிரிச்சாவளா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சிரித்த முகமாக இருந்தார் என்று சொல்லியிருந்தால் அந்தப் பிள்ளை அதைக் காலமெல்லாம் வைத்துக்கொண்டிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. ஏற்கெனவே ஒரு தடவை அந்த நாக்கு என்னைக் கேட்காமல் பேசியிருக்கிறது. விழுங்கினேன்.

"நான் நிமிந்து பாக்கலம்மா" என்றேன். "தண்ணி கேட்டாவ. அதுவும் குடுக்கல."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கோபத்தில் உதறவில்லை, மெதுவாக எடுத்துக்கொண்டாள். காகிதங்களில் கையெழுத்துப் போட்டாள். அவள் சொந்தக்காரர்கள் ஆம்புலன்சில் ஏறினார்கள். அதில் அவளுக்கு இடமில்லை, அவள் பஸ்ஸில் வருவதாகச் சொன்னாள். நான் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை அவள் பின்னாலேயே நடந்தேன். வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. வரச் சொல்லவும் இல்லை. எத்தனை முழம் என்று நான் அளக்கவில்லை.

பஸ் வந்தது. பாட்டிலை நீட்டினேன். அவள் குனிந்து பையில் காகிதங்களைத் திணித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டாள். நிமிராமலே படியேறி உள்ளே போனாள். ஜன்னலில் ஒரு தடவையாவது முகம் தெரியும் என்று பஸ் திரும்புகிறவரை நின்றேன். அவள் எனக்குத் தெரியாத மறுபக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.